தல்வார் முதல் கொச்சி வரை: ஒரு சிக்னல் பள்ளியின் வரலாறு

விழா மலருக்கு நிறுவன வரலாறு எழுதச் சொன்னால், தொடங்கிய தேதி, தலைமை வகித்தோர் பட்டியல், கட்டடம் எழுந்த ஆண்டு, வாங்கிய கோப்பைகள் என்று நான்கு பக்கம் நிரப்பி, வாழ்த்துக் கூறி முடிப்பது வழக்கம். இந்தியக் கடற்படையின் சிக்னல் பள்ளிக்கு அந்த முறை சரிப்படாது. இன்று கொச்சியில் இயங்கும் அந்தப் பள்ளியின் வேர், பம்பாய்க் கொலாபாவில் இருந்த ஹெச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற கரைத்தளத்தில் இருக்கிறது. 1946 பிப்ரவரியில் அங்கே நடந்ததை ஒரு வரியில் தாண்டிப் போகிற வரலாறு வரலாறே ஆகாது. தந்தியையும் கொடியையும் விளக்கையும் நம்பிப் பிழைத்து ஓய்வு பெற்றவர்கள் கூடி வெளியிடும் இந்த மலரில் அதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

முதலில் அந்தப் படை எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1934 அக்டோபர் 2ஆம் தேதி, ராயல் இந்தியன் மரீன் என்ற பழைய அமைப்பு ராயல் இந்தியன் நேவி என்று பெயர் மாறியது. பெயர்தான் பெரிது. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அதன் கையில் இருந்தவை இந்துஸ்தான், இண்டஸ், கிளைவ், கார்ன்வாலிஸ், லாரன்ஸ் என்ற ஐந்து ஸ்லூப் கப்பல்கள், கடல் அளவைக்கு இன்வெஸ்டிகேட்டர், ரோந்துக்குப் பதான். அதிகாரிகளையும் மாலுமிகளையும் சேர்த்து எண்ணினால் இரண்டாயிரம் பேர் தேறாது. அவ்வளவு சிறிய படைக்கு ஒவ்வொரு கப்பலிலும் கொடி தெரிந்த சிலர், வயர்லெஸ் தெரிந்த சிலர் போதும். சிக்னல் பயிற்சியும் அந்த அளவுக்குச் சிறியதாகவே நடந்துவந்தது.

போர் அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகத் திரட்டிப் பாதுகாப்புடன் அழைத்துச் செல்லும் கான்வாய் முறை இந்தியப் பெருங்கடலிலும் நடைமுறைக்கு வந்தது. கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள், கார்வெட்டுகள், தரையிறங்கு படகுகள் என்று படை பெருகிக்கொண்டே போய், போர் முடியும்போது ஆள்பலம் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வந்த ஒவ்வொரு கலத்துக்கும் சிக்னல்காரர் வேண்டும். அதுவும் சாதாரண எண்ணிக்கையில் போதாது. கான்வாயில் செல்லும் கப்பல்கள் வயர்லெஸ்ஸைத் திறந்து பேசினால், நீர்மூழ்கிகள் அலையின் திசையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். எனவே வானொலி மௌனம் காக்க வேண்டியிருந்தது. பகலில் கொடியும், கைகளை அசைத்து எழுத்துக் காட்டும் செமஃபோரும், இரவில் மறைத்த விளக்கும்தான் பேச்சு. நூறாண்டுப் பழமை என்று எண்ணப்பட்ட கொடிக்கலைக்கு இரண்டாம் உலகப் போர் புத்துயிர் கொடுத்தது இப்படித்தான்.

இந்தத் தேவையில் வளர்ந்ததுதான் தல்வார். துப்பாக்கிப் பயிற்சிக்கு எடுத்த ஆட்களைப் போல் சிக்னலுக்கு ஆள் எடுக்க முடியவில்லை. ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். எழுத்துக்கூட்டல் தவறக் கூடாது. கேட்டதைக் கேட்டபடியே எழுதும் பொறுமை வேண்டும். ஆகவே மெட்ரிகுலேஷன் வரை படித்த இளைஞர்கள், கல்லூரியில் கால் வைத்துப் பணமில்லாமல் திரும்பியவர்கள், வேலை தேடி அலைந்தவர்கள் என்று பலர் வந்து சேர்ந்தார்கள். வங்காளம், பஞ்சாப், பம்பாய், திருவிதாங்கூர், சென்னை மாகாணம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாரக்கில் படுத்து எழுந்தார்கள். செய்தித்தாள் படிக்கிறவர்கள் அவர்கள். உலகம் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றக் கரைத்தளங்களை விட்டுவிட்டு இந்தத் தளத்தில் ஏன் முதலில் தீப்பற்றியது என்பது விளங்கும்.

பள்ளியில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த மலரைப் படிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதெல்லாம் கதையாகக்கூடத் தெரியாது.

மோர்ஸைப் புள்ளியும் கோடுமாகப் பார்த்துப் படித்தவன் கடைசிவரை வேகம் பிடிக்க மாட்டான். அது காதுக்கு உரிய வித்தை. மிருதங்கம் கற்கும் பிள்ளை தோலைத் தொடுமுன் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதுபோல, தந்திக்காரனும் ‘டிட்’, ‘டா’ என்று ஒவ்வொரு எழுத்தின் ஓசையையும் முழுதாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் எழுத்து மறைந்து சொல்லாகக் கேட்கும். சொல்லாகக் கேட்கத் தொடங்கியதும் ஒரு புது ஆபத்து வரும்: அடுத்து வரப்போவதை மனம் தானாக ஊகித்து எழுதிவிடும். அதற்காகவே சங்கேதத்தில் அமைந்த ஐந்தெழுத்துக் கூட்டங்களை மணிக்கணக்கில் அனுப்புவார்கள். அவற்றுக்குப் பொருளே கிடையாது. ஊகிக்க வழியில்லை. காதில் விழுவதற்கும் பென்சில் எழுதுவதற்கும் இடையே இரண்டு மூன்று எழுத்து இடைவெளி விட்டு, பின்தங்கியே எழுதுகிறவன்தான் தேர்ந்த தந்திக்காரன். ஒரு எழுத்து தவறிப்போனால் அதைத் துரத்தக் கூடாது. இடம்விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இந்தப் பாடம் புரியாமல் தோற்றுப்போனவர்கள் நிறையப் பேர்.

சாவி பிடிப்பதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். விரல்நுனி சாவியின் குமிழை விட்டு எழும்பக் கூடாது. பழகிய காது, மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைப் பெயர் கேட்காமலே சொல்லிவிடும்.

மேல்தளத்தில் நிற்பவர்களின் உலகம் வேறு. தந்திக்காரர்களை ஸ்பார்க்கர் என்றும், கொடிக்காரர்களைப் பன்டிங் என்றும் அழைப்பது பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த பழக்கம். பன்டிங் என்பது கொடி தைக்கும் கம்பளித் துணி. இருபத்தாறு எழுத்துக் கொடிகள், எண்களுக்கான கொடிகள், மறுமுறை குறிக்கும் கொடிகள் எல்லாம் தனித்தனி அறைகள் கொண்ட மரப்பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆணை வந்ததும் கையை நீட்டினால் சரியான கொடி வர வேண்டும். கொடிகளை ஒன்றோடொன்று கோக்க இங்கிள்ஃபீல்டு கிளிப் என்ற பித்தளைக் கொக்கி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் வடிவமைத்தது. அதற்கு முன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கொக்கி வந்தபின், மழையில் விரல் மரத்துப்போனாலும் ஒரு திருப்பில் கோத்துவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பித்தளைத் துண்டை வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நண்பர்களை நான் அறிவேன்.

கொடிப்பேச்சுக்கு ஒரு மரபு இருக்கிறது. தலைமைக் கப்பல் கொடி ஏற்றும். அதைப் பார்த்த கப்பல், பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றும்: கண்டோம் என்று பொருள். குறியீட்டு நூலைப் புரட்டிப் பொருள் விளங்கியதும் உச்சிக்கு ஏற்றும்: புரிந்தது என்று பொருள். தலைமைக் கப்பல் தன் கொடியை இறக்கும் அந்த நொடியில்தான் எல்லாக் கப்பல்களும் ஆணையை நிறைவேற்றும். எத்தனை கப்பல் இருந்தாலும் ஒரே நொடியில் திரும்பும். விளக்கில் பேசும்போது, ஒவ்வொரு சொல்லும் கிடைத்ததற்கு அடையாளமாகப் பெறுகிறவர் ஒரு நீண்ட ஒளி காட்டுவார். அந்த ஒளி வராவிட்டால் அனுப்புகிறவர் அதே சொல்லைத் திரும்ப அனுப்ப வேண்டும். செமஃபோரில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஒரு கையே வட்டமாகச் சுற்றி வரும். அதன்பின் இரண்டு கையும் சேரும்.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரே ஒழுக்கம் இருந்தது. செய்தியைத் திருத்தக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அனுப்பியவர் தவறாகவே எழுதியிருந்தாலும் அப்படியே போய்ச் சேர வேண்டும். சிக்னல்காரனுக்குத் தன் சொந்தக் குரல் என்று எதுவும் கிடையாது. வருடக்கணக்கில் பிறர் ஆணையைச் சுமந்த இந்தப் பிள்ளைகள்தான் 1946இல் முதன்முறையாகத் தங்கள் செய்தியை அனுப்பினார்கள்.

போர் முடிந்ததும் தல்வாரில் புழுக்கம் கூடியது. படையை விட்டு விடுவிப்பதில் தாமதம். சாப்பாடு மோசம். அதே வேலை பார்க்கும் பிரிட்டிஷ் மாலுமிக்கு வேறு சம்பளம், வேறு மரியாதை. டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகள் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. வெளியே நாடு கொதித்தது. உள்ளே கடலிலிருந்து திரும்பிய தந்திக்காரர் பலாய் சந்த் தத் போன்ற சிலர் இரகசியமாகக் கூடிப் பேசத் தொடங்கினார்கள்.

1945 டிசம்பர் 1ஆம் தேதி கடற்படை நாள். பொதுமக்கள் பார்வைக்குத் தளத்தைத் திறந்துவிட இருந்தார்கள். அன்று விடிந்தபோது அணிவகுப்புத் திடலில் எரிந்த கொடித்துணிகள் சிதறிக் கிடந்தன. கொடிமரத்தில் துடைப்பமும் வாளியும் தொங்கின. சுவர்களில் ‘வெள்ளையனே வெளியேறு’ முழக்கம் ஆளுயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. சிக்னல் பள்ளியின் கொடிமரத்தில் துடைப்பத்தை ஏற்றியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட மொழி என்பது நன்றாகத் தெரியும். கொடிமரத்தில் எது ஏறினாலும் அது ஒரு செய்தி என்றுதானே அங்கே நாள்தோறும் பாடம் நடந்தது!

1946 பிப்ரவரி 2ஆம் தேதி தலைமைத் தளபதி ஆக்கின்லெக் வருகைக்காகத் தளம் தயாராகிக்கொண்டிருந்தது. மறுபடியும் முழக்கங்கள் தோன்றின. இம்முறை தத் பிடிபட்டார். தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். அப்போது தளத்தின் தலைவராக இருந்த கமாண்டர் ஆர்தர் ஃபிரடெரிக் கிங் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. பிப்ரவரி 8ஆம் தேதி பாரக்குக்குள் வந்து, மாலுமிகளின் பிறப்பையும் இனத்தையும் இழித்து அவர் பேசிய சொற்களை இந்த மலரில் அச்சேற்ற விரும்பவில்லை. மாலுமிகள் முறைப்படி எழுத்தில் புகார் கொடுத்தார்கள். விதி சொன்ன வழி அதுதான். அந்த வழியில் நியாயம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 18 காலை, தல்வார் மாலுமிகள் காலை உணவை மறுத்தார்கள். சோறும் வேண்டாம், வேலையும் செய்ய மாட்டோம் என்பதே முழக்கம். மறுநாள் மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. தலைவர் லீடிங் சிக்னல்மேன் எம்.எஸ். கான். துணைத்தலைவர் பெட்டி ஆபீசர் டெலிகிராஃபிஸ்ட் மதன் சிங். ஒருவர் கொடிக்காரர், மற்றவர் தந்திக்காரர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் சீக்கியர். நாடு மதத்தின் பெயரால் பிளக்கத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், சிக்னல் பள்ளியின் பிள்ளைகள் தங்களுக்குத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தது இப்படி. நம் பள்ளியைப் பற்றி நான் பெருமைப்படும் முதல் செய்தி இதுதான்.

அடுத்து நடந்ததில்தான் பள்ளியின் பயிற்சி தன் முழு வலிமையைக் காட்டியது. பம்பாயில் ஒரு கரைத்தளத்து மாலுமிகள் சாப்பிட மறுத்த செய்தி, அந்தக் காலத்தில் அந்தத் தளத்தின் மதிலுக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கக்கூடும். காலாட்படை முகாம் ஒன்றில் நடந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். இங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களின் கையில் வயர்லெஸ் அறை இருந்தது. ஒவ்வொரு கப்பலிலும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்களுடன் படித்த தோழர். எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில், எந்த அழைப்புக் குறியில் பேச வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். துறைமுகத்துக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டே நாளில் கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம் என்று பரவியது. சென்னையில் ஹெச்.எம்.ஐ.எஸ். அடையாறு கரைத்தளத்து மாலுமிகளும் இறங்கினார்கள். 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் இருபதாயிரம் மாலுமிகள் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. அந்தச் செய்தி அவ்வளவு விரைவாகவும் சிதையாமலும் போய்ச் சேர்ந்ததற்குப் பயிற்சி பெற்ற காதுகளும் விரல்களும் காரணம்.

கப்பல்களின் கொடிமரங்களில் பிரிட்டிஷ் வெண்கொடி இறங்கி, காங்கிரஸின் மூவர்ணமும் முஸ்லிம் லீகின் பச்சையும் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவப்பும் சேர்ந்தே ஏறின. மூன்று கட்சிகளின் தலைவர்கள் ஒரே மேடையில் நிற்கத் தயங்கிய காலம் அது.

கோரிக்கைகளையும் கவனிக்க வேண்டும். நல்ல உணவு, பிரிட்டிஷ் மாலுமிக்கு இணையான ஊதியம், கிங் மீது நடவடிக்கை, விரைவான விடுவிப்பு என்பவற்றோடு, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பவையும் இருந்தன. சோற்றுக்காக மட்டும் நடந்த கலகம் என்று சொல்லி இதைச் சிறுமைப்படுத்துவோர் அந்தப் பட்டியலை முழுதாகப் படித்ததில்லை.

பிப்ரவரி 21ஆம் தேதி பம்பாய்க் காஸில் பாரக்கில் துப்பாக்கிச் சண்டை. கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் காட்ஃப்ரே, கப்பற்படையே அழிந்தாலும் சரி என்று வானொலியில் எச்சரித்தார். இந்தியாவுக்கு வருமுன் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநராக இருந்து, எதிரியின் இரகசியச் செய்திகளைத் திரட்டும் பெரும்பணியை நடத்தியவர் அவர். தன் சொந்தப் படையின் சிக்னல்காரர்கள் மாதக்கணக்காக என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை. 22ஆம் தேதி கராச்சியில் இந்துஸ்தான் கப்பல் பீரங்கிச் சண்டைக்குப் பின் பணிந்தது. பம்பாய்த் தெருக்களில் மாலுமிகளுக்கு ஆதரவாக இறங்கிய பொதுமக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் குண்டுக்கு இரையானார்கள். மில் தொழிலாளிகள், மாணவர்கள், வழிப்போக்கர்கள். நாம் நம் மாலுமிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

சர்தார் பட்டேல் சரணடையச் சொன்னார். பழிவாங்கல் நடக்காமல் பார்த்துக்கொள்ளக் காங்கிரஸ் முயலும் என்று உறுதி தரப்பட்டது. 23ஆம் தேதி காலை கப்பல்களில் கறுப்புக் கொடி ஏறியது. பின்னர் பாட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சையத் ஃபஸல் அலி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதில் கொச்சி சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி கிருஷ்ணசாமி அய்யங்காரும் இடம்பெற்றார். பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் 476 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. சுதந்திரம் வந்த பிறகும் இந்தியாவோ பாகிஸ்தானோ அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தத் பத்திரிகையாளராகி, பிற்காலத்தில் அந்த நாட்களைப் பற்றி நூல் எழுதினார். பல ஆண்டுகள் கழித்துத்தான் மும்பை கடற்படைத் தளத்தின் இழுவைப் படகுகளுக்கு அவர் பெயரும் மதன் சிங் பெயரும் வைக்கப்பட்டன. கொலாபாவில் நினைவுச் சின்னமும் எழுந்தது. காலம் கடந்து கிடைத்த மரியாதைதான். கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பணிநீக்கத்தோடு ஊர் திரும்பி, ஏன் வேலை போயிற்று என்று வீட்டாருக்கே விளக்க முடியாமல் வாழ்ந்து மறைந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

தல்வார் அதன்பின் நீடிக்கவில்லை. சிக்னல் பயிற்சி கொச்சிக்கு மாறியது. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய வில்லிங்டன் தீவில், 1943 முதல் வெண்டுருத்தி கரைத்தளம் இயங்கிவந்தது. அங்கேதான் பள்ளி வேரூன்றியது. 1947இல் நாடு பிரிந்தபோது இந்த இடமாற்றம் எவ்வளவு முக்கியமானது என்பது தெரியவந்தது. பீரங்கிப் பயிற்சி நடந்த ஹிமாலயா, சிறுவர் பயிற்சி நடந்த பகதூர், ரேடார் பயிற்சி நடந்த சமக் எல்லாம் கராச்சியில் இருந்ததால் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியா புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. கொச்சி படிப்படியாகக் கடற்படையின் பயிற்சித் தலைநகரமானது. 1950 ஜனவரி 26 முதல் ‘ராயல்’ போயிற்று. வெண்கொடியும் மாறியது.

அதன்பின் வந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. படித்தவர்கள் நாமே உயிரோடு இருக்கிறோம். 1956இல் ஒலிபெயர் எழுத்துகள் மாறின. ஏபிள், பேக்கர், சார்லி என்று பழகிய நாக்குகள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று பழக வேண்டியிருந்தது. குழாய் வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்தது. தொலைதட்டச்சு வந்தது. மின்னணுப் போர்முறை தனிப் பாடமாக வளர்ந்தது.

ஆனால் 1971 இந்தியா–பாகிஸ்தான் போரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வருகிறது என்பதை ஊகித்தார். விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பழைய ராஜ்புத் என்ற டெஸ்டிராயரை நிறுத்தினார். ஒரு பெரிய போர்க்கப்பல் அங்கே இருந்தால் எவ்வளவு வயர்லெஸ் போக்குவரத்து இருக்குமோ அவ்வளவையும் அந்தச் சிறு கப்பல் உண்டாக்க வேண்டும் என்பது உத்தரவு. விக்ராந்தின் மாலுமி ஒருவர், தாயாரின் உடல்நிலையை விசாரித்து அனுப்பியதுபோல் ஒரு சாதாரணத் தந்தியும் சங்கேதமில்லாமல் அனுப்பப்பட்டது. எதிரி ஒட்டுக்கேட்கட்டும் என்றே! டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளுக்கும் இன்றுவரை வேறு வேறு கருத்து. அது அங்கே வந்து நின்றதற்கு நம் சிக்னல்கள் விரித்த வலையும் காரணம் என்பதை மறுப்பவர் குறைவு. அடுத்த இரவில் கராச்சியைத் தாக்கிய ஏவுகணைப் படகுகளின் குழுவினர், சோவியத் பயிற்சியில் கற்ற ரஷ்ய மொழியிலேயே வானொலியில் பேசிக்கொண்டதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்தியைத் திருத்தாமல் அனுப்பப் பழக்கிய பள்ளி, தேவை வந்தபோது எதிரி நம்பும்படியான பொய்யை அச்சுப் பிசகாமல் அனுப்பவும் ஆள் தந்தது. ராஜ்புத்தின் வயர்லெஸ் அறையில் அன்று சாவியில் கை வைத்திருந்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

தொடர்புப் பிரிவிலிருந்து கடற்படைத் தலைமைத் தளபதிகளாக உயர்ந்தவர்களும் உண்டு. பம்பாய் மாதுங்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அட்மிரல் எல். ராமதாஸ் தொடர்புத் துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர். 1990 முதல் 1993 வரை படைக்குத் தலைமை தாங்கி, ஓய்வுக்குப் பின் இந்தியா–பாகிஸ்தான் அமைதிக்காகப் பாடுபட்டார். 2004இல் மகசேசே விருது பெற்றார். விஷ்ணு பாகவத், 2024இல் பொறுப்பேற்ற தினேஷ் திரிபாதி ஆகியோரும் இதே பிரிவினர்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை வந்து சேர்ந்த இடம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம். அங்குள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தை 1990 அக்டோபர் 20ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் சாதாரண வானொலி அலை எட்டாது. உப்புநீர் அதை விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டுமே சில மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அதற்கு வானளாவிய கோபுரங்களும் பெரும் மின்சக்தியும் வேண்டும். அப்படியும் அது மெதுவாகத்தான் பேசும். எழுத்துகளைச் சிக்கனமாக எண்ணி அனுப்ப வேண்டும். பதில் வராது. 2013 முதல் ருக்மணி என்று வழங்கப்படும் ஜிசாட்-7 செயற்கைக்கோள் கப்பல்களை இணைக்கும் இந்தக் காலத்திலும், ஒரு செய்தியைச் சுருக்கமாக, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதும் கொலாபாப் பாடம் விஜயநாராயணத்தில் செலாவணியாகிறது. வணிகக் கப்பல்கள் 1999 பிப்ரவரியில் மோர்ஸை அதிகாரபூர்வமாகக் கைவிட்டன. போர்க்கப்பல்கள் விளக்கையும் கொடியையும் இன்னும் விடவில்லை. வானொலி மௌனம் தேவைப்படும் நாள் எப்போது வேண்டுமானாலும் வரும்.

இந்த மலர்க் குழுவிடமும் வாசகர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. போர்க்காலத்தில் சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து தல்வாருக்குப் போய்த் திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் அரிது. ஆனால் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பணிச் சான்றிதழ், பாரக்கில் நின்று எடுத்த புகைப்படம், ஊருக்கு எழுதிய கடிதம், ஏன், ஒரு பித்தளைக் கொக்கியாவது இருக்கக்கூடும். 1946இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று அந்தச் சான்றிதழில் எழுதியிருந்தால் அதை மறைக்காதீர்கள். குடும்பத்துக்கு அது பெருமை. மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு, தெளிவான நகல் ஒன்றை மலர்க் குழுவிடம் சேர்ப்பியுங்கள். புகைப்படமாக இருந்தால் பின்புறத்தில் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்களை அச்சிடுவோம்.